மில்லுக்கு மேலே ஒரு சீதன வீடு

ஊரே அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடும் ஜவுபர் காக்காவின் வாப்பாவுக்குச் சாய்ந்தமருதில் நாற்பது பேர்ச், அதாவது கால் ஏக்கர், வளவு இருந்தது. நான்கு மகள்மாருக்கும் நான்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகு, ஒரே மகனான காக்காவுக்கென்று தெருவோரம் ஒரு மா அரைக்கும் மில் வைக்கிற அளவுக்கு இடம் மிஞ்சியது. எங்கள் ஊரில் வீடில்லாமல் பெண்ணுக்கு நிக்காஹ் இல்லை. மாப்பிள்ளை வாய் திறந்து கேட்காவிட்டாலும் அவருக்காக ஊர் கேட்கும். அந்த விஷயத்தில் எங்கள் ஊர் மிகவும் அன்பானது.

காக்காவின் மனைவி ஹப்ஸா கொண்டு வந்த வீடு மூத்த மகளுக்குப் போயிற்று. இளையவள் அம்ஹாவுக்குக் கட்ட நிலம் இல்லை, ஆகாயம் இருந்தது. ஆகவே மில்லுக்கு மேலே கட்டினார். கீழே டீசல் இஞ்சின் ஓடும், அதற்குத் தூண்களோடு ஒட்டாத தனி அத்திவாரம் வேண்டும் என்று மேசனிடம் சொல்லியும் பார்த்தார்.

“இஞ்சின்தானே ஓடப்போகுது காக்கா, வீடா ஓடப்போகுது?” என்றார் மேசன். ஆறு தூண்களை மெலிதாக, உயரமாக எழுப்பிவிட்டுப் போனார்.

வீடு ஓடவில்லை, ஆடியது. காலையில் இஞ்சினைப் போட்டதும் வேகம் ஏறிவரும் வழியில் ஓர் இடத்தில் மேல் யன்னல்கள் எல்லாம் கிடுகிடுக்கும். அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் அமைதி. ஜின் என்றார்கள் சிலர். தினமும் சரியாக எட்டு மணிக்கு வேலைக்கு வந்து மறு நிமிடமே போய்விடும் ஜின்னைக் காக்கா நம்பவில்லை. வேகம் கூட்டும் பிடியை ஒரே இழுப்பில் இழுத்து அந்த இடத்தைக் கடந்துவிடப் பழகிக்கொண்டார்.

அம்ஹாவுக்கு வயது இருபத்தேழு. வீடில்லை என்று முன்பே இரண்டு கல்யாணப் பேச்சு முறிந்துவிட்டது. மூன்றாவதாக வந்த மாப்பிள்ளை அஸ்கி. அவருடைய உம்மா றாஹிலா, திகதி வைப்பதற்கு முன் வீட்டைப் பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் வந்தார். தன் தம்பி முத்தலிபையும் கூட்டி வந்தார். முத்தலிப் கட்டாரில் இருபது வருடம் ஓர் இஞ்சினியரின் வாகனம் ஓட்டியவர். அதனால் ஊருக்கு அவரும் இஞ்சினியர்தான்.

மேலே தேநீரும் மஸ்கட் அல்வாவும் வைத்தார்கள். றாஹிலா குசினியைப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், வந்து உட்கார்ந்தார்.

“வீடு நல்லாத்தான் இரிக்கி மச்சான். மில்லப் போடுங்களன், சத்தத்தையும் ஒருக்காக் கேட்டுட்டுப் போவம்.”

ஜவுபர் காக்கா எழுந்தார். முத்தலிபும் எழுந்தார்.

“மெதுவா ஓட்டுங்க காக்கா. வேகம் குறைஞ்சா ஆட்டமும் குறையும். இது கணக்கு.”

“இல்ல மச்சான், இதச் சுறுக்கா இழுத்தாத்தான்...”

“இஞ்ச பாருங்க புள்ளட வாப்பா,” ஹப்ஸா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “படிச்ச மனிசன் சொல்றாரு. வந்த இடத்துல அவரோட ஏன் மல்லுக்கட்டுறீங்க?”

மரியாதைக்குக் கட்டுப்பட்டுக் காக்கா கீழே போனார். மெதுவாக ஓட்டினார்.

மஸ்கட் தட்டு மேசை ஓரத்தை நோக்கி நடக்கத் தொடங்கியது. அலுமாரிக் கதவு தானாகத் திறந்து எல்லோரையும் பார்த்தது. றாஹிலா யன்னல் கம்பியைப் பிடித்தபடி கலிமாச் சொன்னார். அம்ஹா கதவு நிலையோடு ஒட்டி நின்றாள். அவளுடைய மூன்றாவது பேச்சும் தட்டோடு சேர்ந்து மேசை ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

“இன்னும் மெதுவா!” முத்தலிப் படியில் நின்று கத்தினார். “காக்கா, அதுலயே வெச்சிரிங்க, நான் பாக்கிறன்!”

“நீ பாத்தது போதும், வாய மூடுடா!” என்றார் றாஹிலா.

கீழே காக்கா பிஸ்மி சொல்லிப் பிடியை முழுவதும் இழுத்தார். இஞ்சின் தெருவே கேட்கக் கத்தியது. மேலே தட்டு நின்றது. கோப்பைத் தேநீரில் மெல்லிய நடுக்கம் மட்டும். இவ்வளவு சத்தத்துக்குள் இவ்வளவு அமைதியா என்று றாஹிலா கம்பியை விடாமலே பார்த்தார்.

இஞ்சினை நிறுத்திவிட்டுக் காக்கா மேலே வந்தார்.

“என்ன மச்சான் இது? மெதுவா ஓடினா ஆடுது, கத்தினா சும்மா இரிக்கி?”

“ஏணையில புள்ளயப் போட்டு ஆட்டியிருப்பீங்கதானே மச்சி. அது போற தாளத்துக்குத் தொட்டா ஒரு விரலே போதும், முகட்டுக்குப் போகும். அவசரமாத் தட்டிக்கிட்டே இருந்தா சும்மா நடுங்கும், ஆடாது. இந்த மேல் வீட்டுக்கும் ஒரு தாளம் இரிக்கி. மெதுவா ஓடக்குள்ள இஞ்சின் அந்தத் தாளத்துலதான் தட்டுது.”

“தெரிஞ்சிரிந்துமா மெதுவா ஓட்டினீங்க?”

காக்கா முத்தலிபையும் பார்க்கவில்லை, ஹப்ஸாவையும் பார்க்கவில்லை. “விருந்தாளி சொன்னா என்ன செய்யிற மச்சி?”

றாஹிலா ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தார். “இதுக்கு மருந்து இரிக்கா?”

“ஓம். இஞ்சினத் தூணோட ஒட்டாம தனி அத்திவாரத்துல வெச்சா அந்தத் தட்டல் மேல ஏறாது.”

“அப்ப வைங்க. வெச்சிட்டு என்னக் கூப்பிடுங்க. மெதுவாத்தான் ஓட்டிக் காட்டோணும். தட்டு நடக்காட்டி அண்டைக்கே திகதி.”

ஒரு மாதத்தில் அத்திவாரம் முடிந்தது. றாஹிலா வந்து பார்க்க மெதுவாகவே ஓட்டியும் தட்டு நடக்கவில்லை. அம்ஹா முதல் முறையாக அவர் முன் சிரித்தாள்.

நிக்காஹ் அன்று பள்ளிவாசலில் முத்தலிப் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்: “நான் மெதுவா ஓட்டச் சொன்னதாலதான் அந்த வீட்டுப் பிழையே பிடிபட்டது.”

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அல்ஹம்துலில்லாஹ்.