லார்னா முடித்துவைத்த பெட்டி

ஜூலை பிறந்துவிட்டால் லார்னா ஹெய்க்கினனை ஏரிக்கரைப் பக்கம் பார்க்க முடியாது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில் கோடை கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்; அதையும் அவள் பல்கலைக்கழகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான பொறியியல் முகாமுக்கே கொடுத்துவிடுவாள். முகாமை நடத்துவது அவள். நான் பட்டறைக்காரன்.

அந்த வருடம் பிள்ளைகள் செய்ய வேண்டியது நீருக்குள் ஓடும் சிறு வாகனம். ஆளுக்கொரு பெட்டி. அதில் பிளாஸ்டிக் குழாய், மோட்டார், ஒயர், சுவிட்ச் எல்லாம் இருக்கும். மோட்டாரில் தண்ணீர் புகாமல் மெழுகு ஊற்றுவதும், ஈயம் உருக்கி ஒயர்களை ஒட்டும் சால்டரிங்கும் அவர்கள் பாடு.

ஓடெஸா பிளெட்சர் என்ற பதினாறு வயதுக் கறுப்பினப் பெண், தெற்கே கார் தொழிற்சாலை மூடிப்போன ஓர் ஊரிலிருந்து வந்திருந்தாள். அவள் பள்ளியில் ஆய்வுக்கூடமே கிடையாது என்று லார்னாவுக்குத் தெரியும். பிள்ளை மற்றவர்கள் முன்னால் திணறக் கூடாதே என்று, ஓடெஸாவின் பெட்டியை மட்டும் லார்னா தானே பாதி முடித்து வைத்துவிட்டாள். மற்றவர்கள் மெழுகு ஊற்றி, சால்டரிங் செய்த மதியம் அவளைக் குழாய் அறுக்க என்னிடம் அனுப்பினாள். காரணம் அப்போது எனக்கும் தெரியாது.

நீச்சல்குளத்தில் ஓடெஸாவின் வாகனம்தான் முதலில் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்று சாப்பாட்டுக்கூடத்தில் அவளுடைய அறைத்தோழி பிரென்னா கேட்டாளாம்: "எங்க எல்லார் விரலும் வெந்து கெடக்கு. உனக்கு மட்டும் எப்படிடி ராணி மாதிரி கை?"

"பெட்டியில எல்லாம் ஒட்டியேதானே இருந்துச்சு?"

"யாருக்கு? எனக்கு நூடுல்ஸ் மாதிரி அவுந்து கெடந்துச்சு."

ஓடெஸா தட்டை அப்படியே விட்டுவிட்டு நேரே பட்டறைக்கு வந்தாள்.

"மிஸ் லார்னா, என் மோட்டாருக்கு மெழுகு ஊத்தினது யாரு?"

லார்னாவின் கழுத்து சிவந்தது. "நான்தாம்மா. உங்க ஸ்கூல்ல லேப் இல்லன்னு..."

"இல்லன்னுதானே இங்க வந்தேன்?"

"உனக்கு ஒரு உதவியா..."

"நான் கேட்டேனா?"

ஓடெஸா அழவில்லை. "பிரிக்காத பெட்டி ஒண்ணு குடுங்க" என்றாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பெற்றோர் வந்த கடைசி நாளில் அவளுடைய புது வாகனத்தில் இரண்டு மோட்டார்களில் ஒன்று மட்டும் ஓடியது. குளத்தின் மூலையில் அது சுற்றிச் சுற்றி வந்தது. அவளுடைய அப்பா ரூபஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம பழைய வண்டி மாதிரியே ஒரு பக்கமா இழுக்குதேடி!" அவளும் சிரித்தாள். வெந்த விரல்களை நீட்டிக் காட்டினாள்.

பிறகு அவர் லார்னாவிடம் வந்து, அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "என் பொண்ண மத்தவங்கள மாதிரியே நடத்தினீங்க. ரொம்ப நன்றிங்க."

ஓடெஸா பக்கத்தில்தான் நின்றாள். பெட்டி விஷயத்தை லார்னா சொல்வாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். லார்னா, "பரவாயில்லைங்க" என்றாள். ஓடெஸா திரும்பி, தன் துணிப்பெட்டிகளைத் தூக்கப் போய்விட்டாள்.

இலை உதிரும் காலத்தில் ஒருநாள் லார்னா என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். ரூபஸுக்கு போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

"என்ன சொன்னார்?"

"முழுசாக் கேட்டார். அப்புறம், 'அன்னிக்கு நான் கையப் பிடிச்சு நன்றி சொன்னப்போ சும்மா வாங்கிக்கிட்டீங்களே'ன்னார். அவ்வளவுதான். வெச்சுட்டார்."

அதன்பின் அவள் ஆறு கோடைகள் முகாமை நடத்தினாள். நன்றாகவே நடத்தினாள். பிள்ளை எவ்வளவு திணறினாலும், கேட்காமல் பக்கத்தில் போக மாட்டாள். ஆனால் பெட்டிகளில் சாமான் அடுக்குகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டாள். நான் அடுக்கும்போது அந்த அறைக்குள்கூட வரமாட்டாள். நன்றி சொல்ல எந்தப் பெற்றோராவது கை நீட்டினால், கையில் ஏதாவது சாமான் இருப்பதுபோல் பின்வாங்குவாள்.