வருதா, பாப்பா?

படம் வராத டிவி போடும் அந்த "உஸ்ஸ்" என்ற இரைச்சலும், திரை முழுக்கப் பொரிந்துகொண்டிருக்கும் வெள்ளைப் புள்ளிகளும் இன்னும் என் காதிலும் கண்ணிலும் அப்படியே இருக்கின்றன. எங்கள் வீட்டில் அதற்கு "அரிசி கொட்டுது" என்று பெயர். கீழ்வேளூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கேபிள் இழுத்தவர் என் அப்பா என்பதால், மற்றப் பிள்ளைகள் டிவியில் படம் பார்த்து வளர்ந்த காலத்தில் நான் அரிசி கொட்டுவதைப் பார்த்து வளர்ந்தேன்.

அப்பா தென்னை மரத்தில் ஏணியைச் சாய்த்து ஏறி, வாயில் ஒரு துண்டு டேப்பைக் கடித்தபடி வயரை முறுக்கிவிட்டு, "வருதா, பாப்பா?" என்று மேலிருந்து கேட்பார். நான் அந்த வீட்டுக்குள் ஓடி, டிவியைப் பார்த்து, திரும்ப வாசலுக்கு ஓடிவந்து, "வருதுப்பா" என்றோ, "அரிசி கொட்டுதுப்பா" என்றோ, "ஆளு ரெண்டா தெரியுதுப்பா" என்றோ கத்த வேண்டும். மேலத்தெருவில் எந்த வீட்டில் டிவிக்கு மேல் பிளாஸ்டிக் பூ வைத்திருக்கிறார்கள், எந்த வீட்டில் அதற்குப் பாவாடைத் துணியில் உறை தைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் ஒரு நிகழ்ச்சியையாவது முழுதாக உட்கார்ந்து பார்த்தேனா என்றால், சத்தியமாக இல்லை. "கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் பொறந்துருக்கு, ஒரு எடத்துல குந்துதா பாரு" என்று அம்மா திட்டுவாள். அந்தச் சக்கரம்தான் ஒரு நாள் ஒரு குடும்பத்தின் மேல் ஏறியது.

அப்பாவுக்கென்று சொந்தமாக ஒரு சேனல் இருந்தது. பகலில் பழைய படம் ஓடும். அறுவடைக் காலம் வந்துவிட்டால், சாயங்காலம் படத்துக்குக் கீழே எழுத்து ஓடும். கொள்முதல் நிலையத்துக் களத்தில் நெல்லைக் குவித்துவிட்டுக் காத்திருப்பவர்களில், மறுநாள் யார் யார் நெல்லுக்கு எடை என்று அப்பா நேரில் போய்க் கேட்டுவந்து பெயர்களை ஓடவிடுவார். யார் வாயால் சொன்னாலும் நம்பாத எங்கள் ஊர், அந்த எழுத்தை நம்பியது. "எழுத்துல ஓடுச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். மறுநாள் எடை இல்லையென்றால் சாயங்காலமே அப்பா அந்தச் சேனலை அணைத்துவிடுவார். ஆகவே அதில் அரிசி கொட்டினால் நாளைக்கு எடை கிடையாது என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒரு குறுவை அறுவடையின்போது ராமையன் பெரியப்பா வீட்டில் மற்றச் சேனல்கள் எல்லாம் வந்தன. அப்பாவின் சேனல் மட்டும் வரவில்லை. அப்பாவுக்கு அண்ணன் முறை அவர். அப்பா அவர் வீட்டுக் கொல்லைத் தென்னையில் ஏறினார். எனக்கோ அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமா என்னை நாகூர்க் கடற்கரைக்கு வண்டியில் கூட்டிப்போவதாகச் சொல்லி, தெருமுனையில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நின்றார். "வருதா, பாப்பா?" என்றார் அப்பா. நான் வாசற்படியைக்கூட மிதிக்காமல், "வருதுப்பா" என்று கத்திவிட்டு ஓடியே போனேன்.

என் பேச்சை நம்பி, படம் வந்துவிட்டது என்று அப்பா பெரியப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் எழுத்தில் பெரியப்பாவின் பெயர் ஓடியிருக்கிறது. அவர் வீட்டுத் திரையில் அரிசி கொட்டியிருக்கிறது. நாளைக்கு எடை இல்லை என்று அவர் நிம்மதியாகப் படுத்துவிட்டார். மறுநாள் ஆளைக் காணோம் என்று அடுத்தவர் நெல்லை எடைக்கு ஏற்றிவிட்டார்கள். அன்று பிடித்த மழை நான்கு நாள் விடவில்லை. தார்ப்பாய்க்குள் தண்ணீர் புகுந்து, குவியலின் அடிப்பக்கம் முழுக்க முளை விட்டுவிட்டது. பெரியம்மா அந்த நெல்லைக் கையால் அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டு களத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஊறிய நெல்லின் புளித்த வாடை களம் முழுக்க அடித்தது.

"படம் வருதுன்னுதானடா சொன்ன?" என்று பெரியப்பா எங்கள் வாசலில் வந்து நின்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அப்பா என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அதன் பிறகு என்னை அவர் வேலைக்குக் கூப்பிடவில்லை. தானே ஏறி, தானே இறங்கி, தானே உள்ளே போய்ப் பார்த்துக்கொண்டார்.

இப்போது நான் தஞ்சாவூரில் இருக்கிறேன். என் வீட்டில் கேபிள் இல்லை. மகள் ஒரு மூலையில், கணவர் ஒரு மூலையில், நான் சமையலறையில், ஆளுக்கொரு போன். பத்து நொடிக்கு ஒரு தள்ளு. டிவிக்கு முன்னால் உட்காராதவள் என்று பெயரெடுத்த நான், இந்தச் சின்னத் திரையில் எதையும் பார்க்காமலே எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டிருக்கிறேன். ஊரிலும் இதே கதைதான். செட்டாப் பெட்டிக்கொரு ரிமோட், டிவிக்கொரு ரிமோட் என்று ஆனபோது கிழங்கட்டைகள் கழன்றுகொண்டார்கள். கைக்குப் போன் வந்ததும் மற்றவர்கள் கழன்றுகொண்டார்கள். எடை விவரம்கூடப் போனிலேயே வந்துவிடுகிறது. முன்பெல்லாம் காற்றடித்து வயர் அறுந்தால் விடிவதற்குள் எங்கள் வாசலில் கூட்டம் நிற்கும். போன மழைக்காலத்துக் காற்றில் மேலத்தெரு வயர் மொத்தமும் அறுந்து கிடந்தது. ஒருவர்கூட வந்து கேட்கவில்லை.

ஆனாலும் அப்பா ஏறினார். அறுபத்தைந்தைத் தாண்டியவர், அதற்கு முந்தின வருஷம்தான் ஏணியிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டவர். "நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. நீ வந்து சொல்லு, இல்லாட்டி இந்தத் தடவ இடுப்பு போயிரும்" என்று அம்மா போனில் அழுதாள். பஸ் பிடித்துப் போய் இறங்கினால், அப்பா வீட்டில் இல்லை. ராமையன் பெரியப்பா வீட்டுத் தென்னையில் இருக்கிறார். பெரியப்பா போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. ஆனால் எந்தக் காற்றுக்குப் பிறகும் அப்பா முதலில் சரிசெய்து வந்தது அந்த வீட்டு வயரைத்தான்.

என்னைப் பார்த்ததும், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, மேலிருந்து கேட்டார்: "வந்துட்டியா? உள்ள போயிப் பாரு. வருதா, பாப்பா?"

உள்ளே போனேன். இந்தத் தடவை படியேறி, கூடத்துக்குள் போய், நின்று பார்த்தேன். டிவி இருந்த மேசையில் தையல் மிஷின் இருந்தது. பெரியப்பாவின் மருமகள், எனக்கு அண்ணி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "டிவியத் தூக்கிப் பரண்ல போட்டு ரெண்டு வருஷமாச்சும்மா. பெரியவரு போனதுலேருந்து உங்கப்பா உள்ள வர்றதில்ல, மேலேருந்தே கேப்பாரு. மனசு நோவுமேன்னு நானும் வருதுன்னே சொல்லிருவேன். நீயும் அப்புடியே சொல்லிரும்மா, பாவம்" என்றாள்.

"வருதா?" என்றார் அப்பா மறுபடியும். ஏணி லேசாக ஆடியது.

அண்ணி சொன்னபடி சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. அவர் சந்தோஷமாக இறங்கி, அடுத்த மரத்தில் ஏறுவார். நான் கொல்லைக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன்.

"வரலப்பா. இந்த வூட்டுல டிவியே இல்ல. தெருவுல யாரும் பாக்கறதில்லப்பா. எறங்குங்க."

மேலே இடுக்கியால் வயரை நறுக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக, உடைந்த முழங்காலை முதலில் இறக்கி, அப்பா கீழே வந்தார். நறுக்கிய வயரைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அன்னக்கி நீ உள்ளயே போவலதானே?"

"போவலப்பா."

"ம். அண்ணன் சாவுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு, யாருடா பாத்தான்னு. நாந்தான் பாத்தேன்னு சொல்லிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஏணியின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். மேலத்தெரு வழியாக அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். வழியில் எந்த வீட்டிலிருந்தும் டிவி சத்தம் கேட்கவில்லை.