பல்லழகிக்குப் போன மகுடம்

கீச்சு என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். பொம்மைத் தொடர்களுக்குக் குரல் கொடுப்பது தொழில். ஒரே தொடரில் பக்கத்து வீட்டுப் பையன், தபால்காரரின் நாய், ஓயாமல் அழும் கைக்குழந்தை, மூக்கடைத்த டாக்டர் என்று பாதிப் பேருக்கு அவள்தான் வாய். ஒலிப்பதிவு அறைக்குள் போகும்போது சத்தம் போடும் வளையலைக் கழற்றி வாசலில் வைப்பாள். ஒரு மிடறு வெந்நீர் குடிப்பாள். மைக் முன்னால் நின்றுவிட்டால், நாய் குரைத்து முடித்த மூச்சிலேயே குழந்தை அழத் தொடங்கும். இத்தனை கெட்டிக்காரிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். அந்தக் குறை மாடியில் குடியிருந்தது.

கொழுந்தனின் மனைவி அவள். வீட்டில் சின்னவள் என்பார்கள். கீழ்த்தளத்தில் கீச்சு, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன், மாமியார். மேலே சின்னவளும் அவள் கணவனும். சின்னவளுக்கு எப்போதும் சிரித்த முகம். பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் சிரிப்பு, பல் பிடுங்கிக்கொண்டு வந்தாலும் சிரிப்பு. இப்படிப்பட்ட ஒருத்தியோடு ஒரே வீட்டில் வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த ஊரில் மருமகள் மகுடம் என்று ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. தெரிந்திருந்தால் நாலு பேர் போய்க் கேட்டிருப்பார்கள். வருடத்துக்கு ஒரு முறை நகர மண்டபத்தில் நடக்கும். மருமகள்கள் தாமாகப் போய்ப் போட்டியில் நிற்க முடியாது. மாமியார்தான் விழாத் தலைவியின் காதில் பெயரைச் சொல்ல வேண்டும். வீட்டில் எத்தனை மருமகள் இருந்தாலும் ஒரு பெயர்தான். அப்புறம் மேடையில் சுற்றுகள். தளும்பத் தளும்ப நிரப்பிய டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு படியேறுவது ஒரு சுற்று. கணவன் நூறு தடவை சொன்ன ஜோக்கை அன்றுதான் கேட்பதுபோல் கேட்டுச் சிரிப்பது இன்னொன்று. கடைசியில் ஏச்சுச் சுற்று. மாமியார் எதிரே உட்கார்ந்து வாய்க்கு வந்தபடி திட்டுவார். மருமகள் சிரித்த முகம் மாறாமல், "சரிங்க அத்தை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். உதடு இறங்கினால் ஆட்டம் முடிந்தது. கடைசிவரை நின்றவளுக்குத் தங்க வண்ணம் பூசிய தகர மகுடம். மருமகன்களுக்கும் இப்படி ஒன்று வைத்தால் என்ன என்று யாரும் கேட்டதில்லை. வைத்திருந்தால் டம்ளர் சுற்றிலேயே மண்டபம் நனைந்திருக்கும்.

இது சுத்த அபத்தம் என்று கீச்சுவுக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்கு அது வேண்டும். மகுடம்கூட அப்புறம். மாமியார் அந்தத் தலைவியின் காதில் ஒரே ஒரு வருடமாவது தன் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சின்னவள் அந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து வருடா வருடம் மாடிக்காரியின் பெயர்தான் போனது. போன வருடம் அவள் ஜெயித்தும்விட்டாள்.

அதிலும் ஒரு வயிற்றெரிச்சல். ஏச்சுச் சுற்றில் மாமியார் சின்னவளைப் பார்த்து, "நீ சமைச்சு வைக்கிறதை நாய்கூட மோந்து பார்க்காது" என்றார். மண்டபமே கை தட்டியது. முன்வரிசையில் இருந்த கீச்சுவுக்குக் காதில் புகை வந்தது. ஏனென்றால் அது அவளுக்குச் சொன்ன திட்டு. சமையலறையில் ஒருநாள் மாமியார் அதைச் சொல்ல, "நாய்க்கு எதுக்கு அத்தை வைக்கணும்? உங்களுக்கு வைக்கிறதே பத்த மாட்டேங்குது" என்று அவள் பதில் சொல்ல, இரண்டு பேரும் பொழுது சாயும்வரை சண்டை போட்டிருந்தார்கள். தனக்குச் சொன்ன திட்டைக்கூட அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாரே என்று கீச்சு மனம் வெந்து போனாள்.

மகுடத்தைச் சின்னவள் மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு பலகை அடித்து வைத்தாள். மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகிறவள் அதைத் தாண்டாமல் போக முடியாது. ஈரத்துணி வாளியோடு அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் கீச்சு சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறினாள். ஒரு தடவை படி தவறி முழங்காலை இடித்துக்கொண்டாள். அதற்கும் சேர்த்துச் சின்னவளைத்தான் திட்டிக்கொண்டாள், மனதுக்குள்.

மனதுக்குள் எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? ஒருநாள் ஒலிப்பதிவு இடைவேளையில், கையில் டீயோடு இருந்த இயக்குநரிடம் கொட்டித் தீர்த்துவிட்டாள். அவரைத் தாடி என்பார்கள்.

"திட்டு வாங்குறதுக்கு ஒரு போட்டி, அதுக்கு ஒரு பரிசு! இவ நிக்கிறா பாருங்க, பல்லு அத்தனையும் காட்டிக்கிட்டு. அந்தம்மா என்ன சொன்னாலும் 'சரிங்க அத்தை'. உன் வீட்டுக்குத் தீ வெச்சிட்டேன்னு சொன்னாலும் 'சரிங்க அத்தை' தான்!"

மாமியார் குரலிலும் சின்னவள் குரலிலும் மாறி மாறி அவள் பேசிக் காட்ட, தாடிக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது.

"இதை அப்படியே ஒரு எபிசோடா போட்டுடலாமா?"

"போடுங்க. ஊரே வெக்கப்படுற மாதிரி போடுங்க" என்றாள் கீச்சு.

அப்படிப் பிறந்தவள்தான் பல்லழகி. பொம்மை ஊரில் ஏச்சுச் சுற்றில் நின்று ஜெயிக்கிறாள். ஜெயித்த பிறகு சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொள்கிறது. எண்ணெய் தடவுகிறார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார்கள், டாக்டர் இடுக்கி போட்டு இழுக்கிறார். உதடு இறங்க மாட்டேன் என்கிறது. இழவு வீட்டில் சிரிக்கிறாள், தும்மும்போதும் சிரிக்கிறாள். கணவன் மேல் அலமாரி விழுகிறது, அதற்கும் சிரிக்கிறாள். மருமகள் கோபமாக இருக்கிறாளா சந்தோஷமாக இருக்கிறாளா என்று தெரியாமல் பொம்மை மாமியாருக்குத் தூக்கமே போய்விடுகிறது.

பல்லழகிக்குக் குரல் கீச்சுதான். சிரித்துக்கொண்டு பேசுகிற குரல் வேண்டுமானால் நிஜமாகவே சிரிக்க வேண்டும். உதடு விரியாவிட்டால் மைக் காட்டிக் கொடுத்துவிடும். வீட்டில் எண்ணி எண்ணிச் சிரிக்கிறவள் பஞ்சு பதித்த அந்த அறைக்குள் நாள் முழுக்கக் கன்னம் வலிக்கச் சிரித்தாள். சின்னவளைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறோம் என்ற நினைப்பில் வலி தெரியவில்லை. பொம்மை மாமியார் பேசிய திட்டுகளில் முக்கால்வாசி தன் வீட்டுச் சமையலறையில் பிறந்தவை என்பதால், இந்த எபிசோடைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை.

அங்கேதான் விதி விளையாடியது. ஒரு காலையில் மாமியார் காய் நறுக்கிக்கொண்டே சொன்னார். "போன தடவை ஜெயிச்சவ இந்தத் தடவை நிக்கக் கூடாதாம். மேல இருக்கிறவளுக்கு வழியில்ல. உன் பேரைத்தான் சொல்லணும்போல."

வேண்டாவெறுப்பாகச் சொன்னதுதான். கீச்சுவுக்கு அது போதும். அன்றிலிருந்து குளியலறைக் கண்ணாடி முன்னால் தினமும் சிரித்துப் பழகினாள். கணவன் ஒருநாள் எட்டிப் பார்த்துப் பயந்துவிட்டான். "என்னாச்சு, பல்வலியா?"

"ஒண்ணுமில்ல, போங்க."

ஊர் வெட்கப்பட வேண்டும் என்று எபிசோடு எழுத வைத்தவள், அதே மேடைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு என்பது அப்படித்தான். கேட்டால் காரணம் சொல்லாது.

பெயர் சொல்லும் நாளுக்குக் கொஞ்சம் முன்னால் எபிசோடு ஒளிபரப்பானது. வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். கீச்சு சோபாவின் ஓரத்தில் நகம் கடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். மாமியார் மட்டும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும், "அந்த மாமியார்க்காரி அச்சு அசல் எதிர்வீட்டுக்காரிதான்" என்று தீர்ப்பு சொன்னார். எதிர்வீட்டில் என்ன தீர்ப்பு சொல்லியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குரல் கொடுத்தவர்கள் பெயரெல்லாம் அடுத்த நிகழ்ச்சி விளம்பரத்துக்குக் கீழே எறும்பு ஓடுவதுபோல ஓடி மறைந்துவிட்டது.

ஊர் வெட்கப்பட்டதா? எங்கே! நம்ம ஊர் மகுடத்தை டிவியில் போட்டுவிட்டார்கள் என்று மிட்டாய் கொடுக்காத குறை. சலூனில் பல்லழகி, மருந்துக்கடை வரிசையில் பல்லழகி. "பொண்ணுன்னா அப்படி இருக்கணும்" என்று பேருந்து நிறுத்தத்தில் ஒருத்தி சொல்ல, கீச்சு ஏற வேண்டிய பேருந்தையே விட்டுவிட்டு முறைத்துக்கொண்டு நின்றாள்.

விழா நாளன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. கீச்சு புதுத்துணி உடுத்தி, சிரிப்பையும் உடுத்திக்கொண்டு, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தலைவி மைக்கைப் பிடித்தார்.

"இந்த வருஷம் போட்டி இல்லைங்க. என் காதுல பேர் சொன்ன மாமியாருங்க ஒருத்தர் விடாம ஒரே பேரைத்தான் சொன்னாங்க. நம்ம பல்லழகி!"

விசில் பறந்தது. ஆள் உயர அட்டையில் பல்லழகியை வெட்டி இரண்டு பேர் மேடைக்குத் தூக்கி வந்தார்கள். போன வருட மகுடக்காரி என்ற முறையில் சின்னவள் மேடையேறி, அட்டையின் தலையில் புது மகுடத்தை வைத்தாள். அது சரிந்தது. பசை நாடா போட்டு ஒட்டினார்கள்.

ஒருத்தர் விடாம. அந்த வார்த்தைதான் கீச்சுவின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. அப்படியானால் பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருக்கிறாரே, இவரும்தான். இத்தனை வருடம் சின்னவளைப் பார்த்து எரிந்தவள் இப்போது ஓர் அட்டையைப் பார்த்து எரிந்தாள். அந்த அட்டைக்கு வாய் கொடுத்ததே அவள்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதை அவள் கன்னம் வலிக்க வலிக்க வைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்று "அது நான்தான்" என்று கத்திவிடலாம். கத்தினால் அந்தத் திட்டெல்லாம் யாருடையவை என்ற கேள்வி வரும். வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக்குள் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி கழுவத் தொடங்கினாள். ஒவ்வொன்றும் இடி மாதிரி விழுந்தது. மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு வாசற்படி அருகே உட்கார்ந்தார்.

"பாத்திரம் என்னடி பாவம் பண்ணுச்சு?"

"என் பேரைச் சொல்றேன்னு சொன்னீங்களே அத்தை."

"சொன்னேனே."

"எங்கே சொன்னீங்க? அட்டைப் பொம்மை பேரைச் சொன்னீங்க!"

"அந்தப் பொம்மை தும்முச்சே, அது யாரு தும்மல்? இத்தனை வருஷமா பக்கத்து ரூம்ல கேக்கிறவளுக்குத் தெரியாதா? அதுல நாய் மோந்து பார்க்காதுன்னு வந்துச்சே, அது யாரு வாய்ன்னும் தெரியும். எதிர்வீட்டுக்காரின்னு சொல்லி என் மானத்தைக் காப்பாத்திக்கிட்டேன்."

கீச்சு பாத்திரத்தைக் கீழே வைத்தாள். குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சுமா என்னை மேடையேத்தல?"

"மேடையில நீ சிரிப்பியா? குளியலறையில நீ சிரிச்சுப் பழகினதைப் பார்த்து உன் புருஷனே நடுங்கிட்டான். நான் ஒண்ணு சொன்னா நீ ஒன்பது சொல்லுவ."

"சொல்லத்தான் சொல்லுவேன். அநியாயமா திட்டினா கேட்டுக்கிட்டு நிக்கணுமா?"

"வேணாம். நீ நிக்கவே வேணாம்" என்றார் மாமியார். "உன்கிட்ட பேசினா பதில் வருது, எனக்கும் பொழுது போகுது. மேல போய்ப் பேசினா சுவத்துகிட்ட பேசின மாதிரி. சுவத்துல பந்தெறிஞ்சா பந்தாவது திரும்பி வரும். போட்டிக்கு அவதான் சரி. வீட்டுக்கு நீ வேணும்டி."

இப்படி ஒரு வார்த்தையை அந்த வாயிலிருந்து கீச்சு கேட்டதே இல்லை. திரும்பியபோதுதான் கூடத்துக் கதவருகே சின்னவள் நிற்பதைப் பார்த்தாள். போன் சார்ஜரைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"என்னை நீங்க வீட்ல ஒருநாள்கூட திட்டினதில்லையே அத்தை" என்றாள் சின்னவள். "மேடையில மட்டும்தான்."

"உன்னை எதுக்கும்மா திட்டப்போறேன்? நீ நல்ல பொண்ணு" என்றார் மாமியார், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற குரலில்.

சின்னவளின் உதடு இறங்கியது. மொத்த ஊரும் பார்க்க மேடையில் திட்டியும் இறங்காத உதடு. அவள் கண் மாமியாரையும் கீச்சுவையும் மாறி மாறிப் பார்த்தது. அந்தப் பார்வை என்னவென்று கீச்சுவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனை வருடமாக அவள் பார்த்த பார்வைதான் அது.

நல்ல மனசுக்காரியாக இருந்தால், சின்னவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து நாலு ஆறுதல் சொல்லியிருப்பாள். கீச்சு குழாயை மூடினாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மாமியாருக்கு எதிரே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். காலையில அடுப்பை அணைக்காம குளிக்கப் போனது யாரு? சொல்லுங்க."

"நானா? கண்ணைத் திறந்து பாருடி, கடைசியா அடுப்பைத் தொட்டவ நீ!"

"பொய் சொல்லாதீங்க அத்தை!" என்றாள் கீச்சு. சின்னவள் படியேறிப் போகும் சத்தம் கேட்டது. கீச்சு குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.