இடது பக்கப் பொத்தான்

மருமகள் டிவியில் ஒரு படம் போட்டாள். நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. "நெட்டு இழுக்குது மாமா, வந்துரும்" என்றாள். "எறக்கி வச்சுப் பாத்தா இந்தத் தொல்லை இல்லல்ல?" என்றேன், விவரம் தெரிந்தவனாக. சிரித்தாள்.

"முழுப் படமும் எறங்குற வரைக்கும் யாரு காத்திருக்கிறது? இது துண்டு துண்டா வருது. அடுத்த துண்டு கொஞ்சம் முன்னாடியே வந்து நிக்கும், பாத்த துண்டு போயிரும். எடம் அடைக்காது. எதையும் அழிக்க வேணாம்."

'அழிக்க' என்ற அந்த வார்த்தை சுருக்கென்றது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் காரைக்காலில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடையை முதலில் போட்டவன் நான்தான். (இரண்டாவது என்பவர்களும் உண்டு, விடுங்கள்.) பிரான்சிலிருந்து லீவில் வருகிறவர்கள்கூட என் கடை வாசலில் நிற்பார்கள். படகுக்காரர்கள்தான் அதிகம். கரையைத் தாண்டிப் போனால் சிக்னல் ஏது? கார்டில் இருப்பதுதான் பாட்டு.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் இங்கிலீஷில் கேட்பதைப் படிக்க எனக்குத் தெரியாது. எந்தக் கேள்வி வந்தாலும் இடது பக்கப் பொத்தானை அழுத்துவேன். வேலை நடந்துவிடும். என் வேகத்தைப் பார்த்து ஆட்கள் அசந்துபோவார்கள்.

காரைக்கால்மேட்டு அஞ்சலையம்மாள் மகனின் படகுக்குப் பாட்டு ஏற்ற வந்தார். அவர் கணவர் மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர். முந்தின மழைக்காலத்தில் இறந்துபோனார்.

"அண்ணே, இந்தக் கார்டுல அவரு ஏலம் உடுற சத்தம் இருக்கு. அத மட்டும் தொடாம ஏத்துங்க."

போட்டும் காட்டினார். "கண்ணப் பாரு, செவுளப் பாரு, வஞ்சிரத்தப் பாரு" என்று இழுத்து இழுத்து ஒரு குரல்.

"பாட்டாட்டமே இருக்கே! யாரு கையில குடுத்துருக்கீங்க, பயப்படாதீங்கம்மா" என்றேன்.

கார்டில் இடமில்லை. கம்ப்யூட்டர் ஏதோ கேட்டது. இடது பொத்தானை அழுத்தினேன்.

மறுநாள் வந்து நின்றார். "அண்ணே, அவரு இல்லீங்களே."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். "உப்புக்காத்து பட்டா பழசு அழிஞ்சுரும்மா. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றேன்.

"ஆமாண்ணே, என் தப்புதான். ஈரக்கையோட எடுத்து எடுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

அடுத்த வாரம், சிரமம் கொடுத்துவிட்டதாகச் சொல்லி ஒரு பை நிறைய மீன் தந்தார். வாங்கிக்கொண்டேன். அன்று எங்கள் வீட்டில் மீன்குழம்பு.

பிறகு எல்லார் போனிலும் நெட் வந்தது; கடை படுத்தது. இன்று அந்த இடத்தில் ஜூஸ் விற்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. இப்போதெல்லாம் எந்தப் பாட்டை அழித்தாலும் அசல் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். கேட்கிறவர்களுக்கெல்லாம் துண்டு துண்டாக அனுப்புமாம். "எது வேணும்னு சொல்லுங்க மாமா, வந்துரும்" என்று மருமகள் ரிமோட்டை வாயருகே நீட்டினாள். அதை வாங்கிக் கீழே வைத்தேன்.

அந்தக் குரலுக்கு அசல் அந்தக் கார்டு ஒன்றுதான். அதன் மேல் நான் குத்துப்பாட்டை ஏற்றிவிட்டேன். காரைக்கால்மேடு இங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். இத்தனை வருடமாக நான் போகவில்லை. தன் ஈரக்கைதான் அவரை அழித்தது என்று அஞ்சலையம்மாள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.