இறுவட்டில் நாங்கள் பார்க்காத பகுதி

பராமரிப்பாளர் பயிற்சி என்று அதற்குப் பெயர். போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், எங்கோ வெளிநாட்டில் யாரோ நல்ல மனதோடு யோசித்துச் செய்த பாடத்திட்டம். கொஞ்சத்தை வீட்டில் கைநூலில் படிக்க வேண்டும், கொஞ்சத்தைக் கிளிநொச்சி வகுப்பில் கணினியில் இறுவட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும், பிறகு முதியோர் இல்லத்தில் செய்து பழக வேண்டும். கைநூலில் பாடம் நடுவழியில் நின்று, "தொடர்ச்சியை இறுவட்டில் பார்க்கவும்" என்றிருக்கும். நல்ல ஏற்பாடுதான், மின்சாரம் உள்ள ஊருக்கு.

எங்களுக்கு ஜெனரேற்றர்தான். சனிக்கிழமைக்கு இவ்வளவு என்று மண்ணெண்ணெயை அளந்துதான் ஊற்றுவார்கள். வட்டக்கச்சியிலிருந்து நான் சைக்கிள் மிதித்துப் போய்ச் சேரும்போது கூடப் படிக்கிற மற்ற ஏழு பேரும் கணினியை மொய்த்துக்கொண்டு நிற்பார்கள். அன்று, விழுங்கச் சிரமப்படுபவருக்கு உணவூட்டும் பாடம். நிமிர்த்தி இருத்துவது, நாடியை நெஞ்சுப் பக்கமாகத் தாழ்த்தச் சொல்வது, கரண்டியை எந்தப் பக்கத்தால் கொண்டுபோவது, எல்லாம் வந்தது. 'புரைக்கேறினால்' என்ற தலைப்பு வந்ததும் ஜெனரேற்றர் நின்றுவிட்டது. பாடத்தைப் பார்த்து முடித்ததாகக் கையெழுத்து வைக்கிற தாளை நீட்டினார்கள். ஒருத்தி தயங்கினாள். என் வாய்க்கொழுப்பு சும்மா இருக்கவில்லை.

"புரைக்கேறினால் என்ன செய்யிறதெண்டு எங்களுக்குத் தெரியாதோ? வையடி கையெழுத்தை."

எல்லோரும் சிரித்தார்கள். எட்டுப் பேரும் கையெழுத்து வைத்தோம்.

இல்லத்தில் எனக்குக் கிடைத்தவர் பாரிசவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன ஓர் அம்மா. பேச்சும் போய்விட்டது. ஆனால் நடப்பதெல்லாம் அவருக்கு விளங்கும். மகள் ஒட்டுசுட்டானிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் காலை, மகள் வருவதற்கு முன்னரே, தேத்தண்ணீரில் பாண் துண்டுகளை நனைத்து ஊட்டத் தொடங்கினேன். திரையில் பார்த்தபடியே இருத்தினேன், ஊட்டினேன். எனக்கு என்மேலேயே பெருமையாக இருந்தது.

நாலாவது வாயில் அவர் கண் விரிந்தது. இருமவில்லை. சத்தமே வரவில்லை.

என் கை தானாகப் போய் அவர் உச்சந்தலையில் தட்டியது. வீட்டில் யாருக்குப் புரைக்கேறினாலும் அதைத்தான் செய்வோம், யாரோ நினைக்கினம் என்று சொல்லிச் சிரிப்போம். தட்டினேன். இன்னும் பலமாகத் தட்டினேன். அவர் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. தண்ணீர்க் கோப்பையை எடுத்து அவர் வாயில் வைக்கப் போனேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த கட்டிலடியில் நின்ற தாதி, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறவர், பாய்ந்து வந்து கோப்பையைத் தட்டிவிட்டார்.

"தண்ணி குடுத்தால் செத்துப்போவா. முன்னுக்குச் சரிச்சுப் பிடி."

பிடித்தேன். மிஸ்ஸி தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அடித்தார். ஐந்தாவது அடியில் பாண் துண்டு என் மடியில் வந்து விழுந்தது. அந்த அம்மா இழுத்துவிட்ட மூச்சைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மகள் வாசலில் நின்றார். தாயை நான் தாங்கிப் பிடித்திருப்பதைத்தான் அவர் கண்டார். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, படித்த பிள்ளைகள் பக்கத்தில் நின்றதால்தான் அம்மா தப்பினார் என்று அழுதார். மிஸ்ஸி என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் மிஸ்ஸி என்னைத் தனியே கூப்பிட்டு, நாங்கள் பார்க்காமல் விட்ட பாடத்தைச் செய்து காட்டி, என்னையும் செய்ய வைத்தார். மறுநாள், டொக்டர் வந்து பார்த்து ஊட்டலாம் என்ற பிறகு, தடிப்பாகக் காய்ச்சிய கஞ்சியோடு போனேன். நாடியைத் தாழ்த்தி, கரண்டியை அருகே கொண்டுபோனேன். அந்த அம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"அம்மா, இந்தப் பிள்ளைதான் உங்களைக் காப்பாத்தினது. வாயைத் திறவுங்கோ," என்றார், ஊருக்குப் போகாமல் இரவு தங்கியிருந்த மகள்.

அவர் திறக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"நான் காப்பாத்தேல்லை அக்கா. மிஸ்ஸிதான். நான் தலையில தட்டினனான். தண்ணியும் குடுக்கப் பாத்தனான். அந்தப் பாடத்தை நான் படிக்கேல்லை. படிச்சனெண்டு கையெழுத்து வைச்சனான்."

மகள் என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து கரண்டியை நீட்டினார். அந்த அம்மா வாயைத் திறந்தார்.