விமலாராணி தட்டும் கோப்பை

தேநீர் மேசையில் எடுத்த கோப்பையைக் காதருகே வைத்து விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுகிறார் விமலாராணி. முகம் சுளிக்கிறது. அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார், அதற்கும் ஒரு தட்டு. பின்னால் ஒரு வரிசையே டீக்குக் காத்துக் கிடக்கிறதே என்ற கவலை துளியும் இல்லை. ஒரு கோப்பை தேறிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார். “விரிசல் வுட்டதுல குடிச்சா உதட்டக் கிழிச்சிடுங்க.” நானும் என் கோப்பையைத் தட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இணையவழித் தொலைபேசிச் சேவையின் புதுமைகள் பற்றிய மாநாடு அது. சென்னையில் பெரிய ஓட்டல், ஏசிக் குளிர். பத்திரிகைக்காகப் போன நான் காலையிலிருந்து கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தேன். இந்த அம்மாளைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளுக்கு நெட் போன் இணைப்பு கொடுப்பது இவர் தொழில். ஐம்பதை நெருங்கும் வயது. ஊருக்குள் ஸ்கூட்டர்தான். போன் வந்தால் எடுத்தவுடன் பேசமாட்டார், கொஞ்ச நேரம் சும்மா கேட்பார். ஏனென்று கேட்டால், “ஆளு பேசறதுக்கு முன்னாடி லைனு பேசும்ங்க” என்கிறார். மாநாட்டில் ஒரு கையில் சமோசாத் தட்டோடு, கம்பெனிகள் போட்டிருந்த கடை கடையாகப் போய் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய வாடிக்கையாளர்களிடம் ஒரு வழக்கம். சரக்கு எடுக்கும் வெளியூர் வியாபாரி, போனிலேயே ஒரு கோப்பையைத் தட்டிக் காட்டச் சொல்வாராம். நன்றாக வெந்தது கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது டொக்கென்று அடங்கிவிடும். கொஞ்ச நாளாக இவர் கொடுத்த போனில் பேச்சு மட்டும் போகிறது, தட்டும் ஓசை போவதில்லை. அது ஏன் என்பதுதான் கடை கடையாகக் கேட்ட கேள்வி. வியாபாரிகளுக்குச் சரக்கின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பெரிய பட்டறைக்காரரான செல்வநாயகி வெள்ளிக்கிழமை வரை கெடு வைத்திருக்கிறார். அதற்குள் சரியாகாவிட்டால் போனைக் கழற்றிக்கொண்டு போய்விட வேண்டியதுதான். “அவங்க போனா அந்தத் தெருவே போயிடும்ங்க. பயமா இருக்குது” என்றார் விமலாராணி, சமோசாவைத் தொடாமலே.

கடைசியில் ஒரு கடையில் கிரிதர் என்ற இளம் பொறியாளர் பொறுமையாகக் காது கொடுத்தார். இவருடைய கணக்கை மடிக்கணினியில் திறந்து பார்த்துவிட்டு, இரைச்சல் நீக்கும் வசதியை யார் போட்டது என்று கேட்டார்.

போட்டது விமலாராணியேதான்! களிமண் அரைக்கும் மிஷின் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட, பட்டறை பட்டறையாகப் போய்ப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்த வசதிக்கு மனிதக் குரல் ஒன்றுதான் வேண்டும், மற்றதெல்லாம் குப்பை. கோப்பையின் ஓசையும் குப்பையோடு போயிருக்கிறது.

“அட மாதாவே, மிஷினத் தொரத்தறேன்னு கோப்பையையும் தொரத்திட்டனா?” தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

கிரிதர் முதலில் செல்வநாயகியின் இணைப்பில் மட்டும் அதை நிறுத்தினார். விமலாராணி அங்கிருந்தே செல்வநாயகியை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். மிஷினின் கடகடப்பு வந்து அந்தக் கடையையே நிறைத்தது. கழுத்தில் அட்டை தொங்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதையாவது தட்டுங்கக்கா என்று இவர் கெஞ்சினார்.

டொக்.

கிரிதரின் முகம் விழுந்துவிட்டது. எனக்கும்தான்.

“அது விரிசலுக்கா” என்றார் விமலாராணி. “நல்லதாப் பாத்துத் தட்டுங்க.”

மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அந்த இரைச்சலுக்கு மேலே கணீரென்று ஒன்று எழுந்தது.

“வேணும்னுதான் மொதல்ல ஒடஞ்சதத் தட்டனேன்” என்றது செல்வநாயகியின் குரல். “போனு இங்கயே இருக்கட்டும் விமலா.”

விமலாராணி கைப்பையைத் திறந்து, துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த ஊர்க் கோப்பையை எடுத்தார். போனுக்குப் பக்கத்தில் பிடித்து, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார்.