அண்ணாந்து பார்க்காத இன்ஸ்பெக்டர்

ஒரெஸ்ட் டெர்லெட்ஸ்கியின் கராஜ் கதவு மக்கர் செய்த கதையை கனடாவின் சாஸ்கட்டூன் ஊர் முழுக்கப் பரப்பியது பக்கத்து வீட்டுக்காரன் அல்ல, ஒரெஸ்ட்டேதான். ஓய்வு பெற்றவர்கள் தினமும் காபிக்குக் கூடும் மேசையில் உட்கார்ந்து, கையால் நடித்துக் காட்டிச் சொன்னார். பிறர் வாயால் போகப்போகிற மானம் தன் வாயால் போனால் கொஞ்சம் மெதுவாகப் போகும் என்பது அவர் கணக்கு.

அவர் முப்பத்தொரு வருடம் கொதிகலன் பரிசோதகராக இருந்தவர். பள்ளிக்கூடம், மருத்துவமனை, சலவைக்கூடம் என்று எங்கே கொதிகலன் இருந்தாலும் டார்ச்சோடு உள்ளே தலையை நுழைத்து, மயிரிழை விரிசலைக்கூடக் கண்டுபிடித்து, சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டு வருவார். ஓய்வு பெற்ற பிறகு சீட்டு ஒட்டக் கொதிகலன் இல்லாததால் தெருக்காரர்களின் பனி அள்ளும் இயந்திரம், புல்வெட்டி, காரின் டயர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பரிசோதித்து, தெருவில் 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வாங்கினார். யாரும் கேட்கவில்லை. அதனால் இலவசம்.

பக்கத்து வீட்டு டுவெய்ன் ஃப்ரீசன் நாற்பது வயதுக்காரன், கிட்டங்கியில் வேலை. போன கோடையில் அவன் வீட்டுக் கராஜ் கதவு இறங்க மறுத்தது. பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டான். வந்தவர், குறுக்கே ஏதாவது இருந்தால் கதவை இறங்கவிடாத சென்சார் முன்னால் கிடந்த குழந்தையின் பொம்மை லாரியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனார். ஆளைக் கூப்பிடும் முன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அன்று அவனைப் புல்தரையில் நிற்கவைத்து அரைமணி நேரம் பாடம் எடுத்தார் ஒரெஸ்ட். டுவெய்ன் பாவம், கையில் தண்ணீர்க் குழாயோடு கேட்டுக்கொண்டிருந்தான். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்த ஜனவரியில் டார்லீனுக்குக் கண்புரை அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்தது. ஐந்து மாதக் காத்திருப்பு. ஒரெஸ்ட்டின் மனைவியான டார்லீன் நூலகத்தில் வேலை பார்த்தவர். இப்போது சீட்டாட்டத்தில் ஆர்ட்டினுக்கும் டைமனுக்கும் வித்தியாசம் தெரியாமல், தெரிந்ததுபோல் ஆடி, தோற்றுக்கொண்டிருந்தார். கார் ஓட்டுவதை இலையுதிர் காலத்திலேயே விட்டுவிட்டார். வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் குளிர் மைனஸ் முப்பத்தாறு. இருவரும் முட்டைக்கோஸ் சுருள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டமார் என்று ஒரு சத்தம். மேசையில் கரண்டி அதிர்ந்தது.

"கராஜ்ல ஏதோ வெடிச்சுது," என்றார் டார்லீன்.

"ஒண்ணும் வெடிக்கல. குளிர்ல வீடு சுருங்குது. உத்தரம் அப்படித்தான் சத்தம் போடும்."

"உத்தரம் எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா கேக்குறேன். இது வேற சத்தம்."

"முப்பத்தாறுக்கு வேற சத்தம்தான் வரும்," என்று இன்னொரு சுருளை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாரும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். கடுங்குளிரில் வீடுகள் துப்பாக்கி சுட்டதுபோல் வெடிக்கும். குழந்தைகள்கூடத் திரும்பிப் பார்க்காது. வெளியூர்க்காரன் யாராவது இருந்திருந்தால் பயந்துபோய் எழுந்து கராஜைப் பார்த்திருப்பான். அங்கே கதவுக்கு மேலே, கதவின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங்குகளில் ஒன்று இரண்டு துண்டாகி, நடுவே இரண்டு விரல் இடைவெளியோடு தொங்குவதையும் கண்டிருப்பான். ஒரெஸ்ட் உள்ளூர்க்காரர்.

காலை எட்டரைக்குச் சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினார். மோட்டார் உறுமியது. கதவு ஒரு சாண் எழும்பி, யோசித்து, திரும்பப் படுத்துக்கொண்டது. இன்னொரு முறை. அதே ஒரு சாண்.

"அடியில இருக்கிற ரப்பர் தரையோட உறைஞ்சிருக்கு," என்று தீர்ப்பு சொன்னார். ஒரு சாண் எழும்பிய கதவு தரையோடு எப்படி உறைந்திருக்க முடியும் என்ற கேள்வி அவருக்கு அடுத்த நாள்தான் தோன்றியது. டார்லீனின் ஹேர் டிரையரை எடுத்து வந்து, மண்டியிட்டு, பதினாறு அடி நீளத்துக்கும் சூடு காட்டினார். ரப்பர் இளகியது. கதவு இளகவில்லை.

அடுத்தது சென்சார். இரண்டு பக்கமும் குனிந்து துடைத்தார். விளக்குகள் முன்பு எப்படி எரிந்தனவோ அப்படியே எரிந்தன. அடுத்தது ரிமோட்டின் பேட்டரி. அவர் அழுத்திக்கொண்டிருந்தது சுவர்ப் பொத்தானை. ஆனாலும் மாற்றினார். பிறகு ஓரத்தில் ஓடும் தண்டவாளங்களுக்கு எண்ணெய் விட்டார். ஒவ்வொன்று முடிந்ததும் பொத்தானை அழுத்தினார். ஒவ்வொரு முறையும் ஒரு சாண்.

வீட்டுக்குள்ளிருந்து வரும் கதவைத் திறந்து டார்லீன் எட்டிப் பார்த்தார். கோட்டு, பூட்ஸ், தொப்பி எல்லாம் போட்டுத் தயார்.

"மணி ஒன்பதே கால், ஒரெஸ்ட். டுவெய்ன கூப்பிடலாமா?"

"எதுக்கு? பொம்மை லாரி எங்க இருக்குன்னு கேக்கவா?"

"டாக்ஸியாவது?"

"இந்தக் குளிர்ல டாக்ஸி வர மத்தியானம் ஆகும். ஏற்கெனவே போன் போட்டுப் பாத்துட்டேன்." அது உண்மை. முதல் பொத்தான் அழுத்தலுக்கும் ஹேர் டிரையருக்கும் நடுவில் போட்டிருந்தார். "பத்து நிமிஷம் குடு. மோட்டாருக்குத்தான் தெம்பு பத்தல."

கடைசியாக ஸ்டூல் போட்டு ஏறி, மோட்டாரின் பின்பக்கத்தில் விசையைக் கூட்டும் திருகைக் கடைசிவரை முறுக்கினார். அது கராஜின் நடுக் கூரையில் இருக்கிறது. அங்கிருந்து நேராகப் பார்த்தால் உடைந்த ஸ்பிரிங் கண்ணுக்கு நேரே தெரியும். அவர் திருகைப் பார்த்தார். பொத்தானை அழுத்தினார். கடகடவென்று உள்ளே எதுவோ அரைபட்டது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. இந்த முறை அந்த ஒரு சாணும் இல்லை.

மணி ஒன்பது நாற்பத்தைந்து.

டார்லீன் படியில் உட்கார்ந்து பூட்ஸின் நாடாவைத் தடவித் தடவி அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு அவருக்குத் தெரியவில்லை.

"பரவாயில்ல, விடு," என்றார். "நான் போன் பண்ணிச் சொல்லிடுறேன். வேற தேதி குடுப்பாங்க. கோடைக்குள்ள கிடைச்சிடும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஒரெஸ்ட் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். டார்லீன் கோபப்படவில்லை. விரல்கள் மட்டும் முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தன.

ஒரெஸ்ட் பக்கவாட்டுக் கதவு வழியாக, தொப்பிகூட இல்லாமல் வெளியே போனார். இரண்டு வீட்டுக்கும் நடுவே முழங்கால் அளவு பனி. டுவெய்ன் வாசலில் தன் பெரிய பிக்கப் வண்டியை ஓடவிட்டு, கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"டுவெய்ன், ஒரு உதவி. என் கராஜ் கதவைத் தூக்கணும். உன்னால முடியுமா? எதிர்வீட்டு கெர்ரியையும் கூப்பிடு."

"ஏன், என்னாச்சு இன்ஸ்பெக்டர்?" டுவெய்னின் முகத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, ஒரெஸ்ட்டின் கறுத்த கைகளையும் சிவந்த காதுகளையும் பார்த்ததும் பாதியில் நின்றது.

"டார்லீனுக்கு இன்னிக்குக் கண் ஆபரேஷன். பத்தேகாலுக்கு அங்க இருக்கணும். கார் உள்ள மாட்டிக்கிச்சு."

"இப்பவே பத்தாகப் போகுது! கதவ எதுக்குத் தூக்கணும்?"

"கார எடுக்கத்தான்."

டுவெய்ன் சுரண்டியை நீட்டித் தன் வண்டியைக் காட்டினான். "இது என்னவாம்?"

வண்டி ஒரு மணி நேரமாக ஒரெஸ்ட்டின் வீட்டிலிருந்து முப்பதடியில் புகை விட்டுக்கொண்டு நின்றிருந்தது. கராஜ் சுவர் வழியாக அதன் உறுமல் அவர் காதில் விழுந்தும் இருந்தது. ஒன்றரை மணி நேரமாக அவர் மூளைக்குள் ஒரே ஒரு கதவுதான் இருந்தது.

டார்லீனைக் கைபிடித்து அழைத்துவர டுவெய்னே உள்ளே வந்தான். வந்தவன் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்ஸ்பெக்டர், ஸ்பிரிங் ரெண்டாப் போயிருக்கே."

ஒரெஸ்ட்டும் அப்போதுதான் பார்த்தார்.

"நான் சொன்னேனா இல்லியா," என்றார் டார்லீன். "நேத்தே வெடிச்சுதுன்னு சொன்னேன். உத்தரமாம்!"

"வழியில திட்டிக்கலாம், ஏறுங்கம்மா," என்றான் டுவெய்ன்.

ஒரெஸ்ட்டுக்குப் பின்சீட்டில், குழந்தை நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவில் இடம் கிடைத்தது. பிஸ்கட் தூள் மேல் உட்கார்ந்து, முழங்கால் தாடையைத் தொட வந்தார். பத்து பதினாலுக்கு மருத்துவமனை வாசலில் இறங்கினார்கள். உள்ளே நர்ஸ் ஒரெஸ்ட்டின் எண்ணெய்க் கைகளைப் பார்த்துவிட்டு, தரையில் போட்டிருந்த கோட்டைக் காட்டி, "நீங்க இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கமே நில்லுங்க," என்றார். நின்றார்.

நாலு மணிக்குப் பழுது பார்ப்பவர் வந்தார். ஸ்பிரிங்குகள் இரண்டையும் மாற்றினார். அதை நீங்களே செய்யப் பார்க்காமல் விட்டீர்களே, விரல்கள் மிச்சம் என்று பாராட்டினார். அன்றைக்கு ஒரெஸ்ட்டுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. பிறகு மோட்டாரின் மூடியைக் கழற்றியவர் உள்ளங்கையில் வெள்ளைத் தூளைக் கொட்டிக் காட்டினார்.

"இது உங்க பல்சக்கரம். எத்தன தடவ அழுத்துனீங்க?"

"ஒண்ணு ரெண்டு தடவ."

"ஒண்ணு ரெண்டுக்கு மாவாகாது சார்."

"இருபது இருக்கும்," என்றார் ஒரெஸ்ட். சமையலறையிலிருந்து, ஒரு கண்ணில் மூடி போட்டிருந்த டார்லீனின் குரல் வந்தது: "இருபத்தாறு. நான் உள்ள உக்காந்து எண்ணிட்டுதான் இருந்தேன்."

மறுநாள் காலை கண்ணைத் திரும்பப் பார்க்க மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் மூடியை எடுத்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். திரும்பும் வழியில் முதல் சிக்னல் தாண்டியதும் டார்லீன் வாசிக்கத் தொடங்கினார். கடைப் பெயர்கள், தெருப் பெயர்கள், பஸ்ஸின் எண், முன்னால் போகும் லாரியின் நம்பர் பிளேட், தேவாலயப் பலகையில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு அறிவிப்பு, அதன் கீழே பொடி எழுத்தில் யாரோ ஒருவரின் தொலைபேசி எண். ஒன்றையும் விடவில்லை. மாவு ஆலை, முடிவெட்டும் கடை, வாடகைக்கு, வேகம் ஐம்பது, நாய்களைக் கயிற்றில் கட்டி அழைத்துச் செல்லவும்.

ஒரெஸ்ட்டின் வேகம் அப்போது முப்பதுதான். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அவர் இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார்.